கொழும்பில் இனிப்புக் கடை தொடங்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நானும் அக்காவும் 2018 முதல் ஒரு சிறிய ஐஸ்கிரீம், பலூடாக் கடை நடத்துகிறோம். பத்துப் பேர் உட்காரலாம், அவ்வளவுதான். கடை தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகள், ஓய்வூதியக் காசை முதலிடப் பார்க்கும் ஐயாமார், கனடாவிலிருந்து அழைத்துக் கேட்கும் உறவினர் என்று பலர் எங்களிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லும்போது பாதி விடுபட்டுப் போகிறது. அதனால் எழுதிவிட்டேன்.

கொழும்பில் ஏன் இத்தனை டெசர்ட் கடைகள் வருகின்றன?

இனிப்பு இந்த ஊருக்குப் புதிதல்ல. பேக்கரிகளும் பம்பாய் இனிப்புக் கடைகளும் புறக்கோட்டைப் பலூடாவும் எங்கள் பாட்டன் காலத்திலேயே இருந்தவை. அப்போது வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். இப்போது உட்கார்ந்து கதைப்பதற்காகப் போகிறோம். மாறியது இதுதான்.

காரணம் வீடு என்று நினைக்கிறேன். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் தனி வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. முற்றம் இல்லை, விறாந்தை இல்லை. நாலு நண்பர்கள் சந்திக்க வேண்டுமென்றால் வெளியே ஓர் இடம் வேண்டும். மது இல்லாத, பெண்பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்கும் பயமில்லாமல் வந்து போகக்கூடிய, தலைக்கு ஆயிரம் ரூபாவுக்குள் முடியும் இடம் எது? தமிழ்க் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் டெசர்ட் கடை அந்த இடத்தை நிரப்பியது.

பெரிய கடைத்தொகுதிகளும் பழக்கத்தை மாற்றின. மெஜஸ்டிக் சிட்டி 1991 இல் வந்தபோது அங்கே போவதே ஒரு பயணமாக இருந்தது. 2018 இல் கொழும்பு சிட்டி சென்டர், 2019 நவம்பரில் வன் கோல்பேஸ் என்று வரிசையாக வந்ததும், சாமான் வாங்காவிட்டாலும் மாலையில் போய் ஏதாவது இனிப்புச் சாப்பிட்டு வருவது சாதாரணமாகிவிட்டது. மாலில் பழகிய நாக்கு பிறகு தெருவிலும் அதையே கேட்டது.

இவ்வளவு கடைகள் இருக்கும்போது இன்னொன்றுக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதை எங்கே பார்த்து முடிவு செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. எல்லோரும் சனிக்கிழமை இரவு மரைன் டிரைவ் பக்கம் நடந்து, எல்லாக் கடையிலும் கூட்டம் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார்கள். சனி இரவில் எந்தக் கடையும் நிறையும்.

நீங்கள் செவ்வாய்க்கிழமை போங்கள். மாலை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. எதிரில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள இனிப்புக் கடைக்குள் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுங்கள். மாதத்தின் 10ஆம் திகதிக்கும் 20ஆம் திகதிக்கும் நடுவில் ஒரு செவ்வாயாக இருக்கட்டும். 25ஆம் திகதி சம்பளம் வந்த வாரத்தில் எண்ணினால் கணக்குப் பிழைக்கும். செவ்வாய் பல சைவக் குடும்பங்களுக்கு மரக்கறி நாள், முட்டை போட்டது எதையும் தொடமாட்டார்கள். அந்த நாளிலும் உள்ளே போகிறவர்கள்தான் உங்கள் கடை வாடகையைக் கட்டப் போகிறவர்கள். நாங்கள் இதைச் செய்யாமல்தான் கடை திறந்தோம். முதல் ஆறு மாதம் வார நாள்களில் கைக்காசு போட்டு நடத்தினோம்.

எந்தப் பகுதியில் திறப்பது நல்லது?

மாநகர சபை எல்லைக்குள் 2012 கணக்கெடுப்பின்படி சுமார் 5.6 லட்சம் பேர்தான் குடியிருந்தார்கள். உலகக் கணக்கில் இது நடுத்தர நகரம். ஆனால் பகலில் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கிப் போகிறவர்கள் லட்சக்கணக்கில். ஆகவே ஒரு தெருவில் நிற்பவர்கள் அங்கே குடியிருப்பவர்களா, வந்து போகிறவர்களா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புறக்கோட்டை வந்து போகிறவர்களின் இடம். துணிக்கு இரண்டாம் குறுக்குத் தெரு, நகைக்கு செட்டியார் தெரு என்று வந்தவர்கள் வெயிலில் களைத்து ஒரு சர்பத்தோ பலூடாவோ நின்றபடி குடித்துவிட்டுப் போவார்கள். அங்கே மாலை ஆறு மணிக்கு மேல் தெரு அடங்கிவிடும். வேகமாக, மலிவாக, நின்று சாப்பிடும் வியாபாரத்துக்குத்தான் அது பொருந்தும். சோபா போட்டு அழகு பார்த்தால் நஷ்டம்.

வெள்ளவத்தை நேர்மாறு, இது குடியிருப்பவர்களின் இடம். மாலையில்தான் விழிக்கும். டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் நாலரைக்கு, அலுவலகம் விட்டவர்கள் ஆறரைக்கு, குடும்பங்கள் எட்டு மணிக்கு மேல். ஜூலை, ஓகஸ்ட்டில் லண்டன், டொரொன்டோ, சிட்னியிலிருந்து உறவுகள் வந்து இறங்கும் காலம் எங்களுக்குத் தனிப் பருவம். ஒரே மேசையில் மூன்று தலைமுறை இருக்கும், பில்லைக் கட்ட இரண்டு பேர் சண்டை பிடிப்பார்கள். அந்த இரண்டு மாதத்தை வைத்து ஆண்டுக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாடகை ஒப்பீட்டளவில் குறைவு, அயல் நெருக்கம் அதிகம், கோவிலும் தேவாலயமும் பக்கம் பக்கம். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் அங்கே இனிப்பு எப்படி விற்கும் என்று விளங்கும். எனக்கு இன்று புதிதாகத் தொடங்க வாய்ப்புக் கிடைத்தால் அங்கேதான் போவேன்.

தெஹிவளை, கல்கிசை, வத்தளை மூன்றும் மாநகர சபை எல்லைக்கு வெளியே. வாகனம் நிறுத்த இடம் இருந்தால் நல்ல இடங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

மாலுக்குள் ஒரு கியோஸ்க் எடுப்பது?

குளிரூட்டி, காவல், கழிப்பறை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் வாடகையோடு சேவைக் கட்டணம், சில இடங்களில் விற்பனையில் பங்கு என்று சேரும். நேரமும் விலைத் தள்ளுபடி நாள்களும்கூட அவர்கள் தீர்மானிப்பதாக இருக்கலாம். கையில் ஏற்கெனவே ஓடும் கடை இருந்தால் பெயரைப் பரப்ப மால் உதவும். முதல் கடையாக எடுக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு எத்தனை கப் விற்றால் கடை தாங்கும்?

இதை எல்லோரும் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான். விளங்குவதற்காக வட்டமான எண்களில் ஒரு கணக்குப் போடுகிறேன். உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பலூடா 600 ரூபா. பால், ஐஸ்கிரீம், சிரப், கசகசா, சேமியா, கப், கரண்டி எல்லாம் கழித்தால் கையில் 250 நிற்கிறது என்று வையுங்கள். மாத வாடகை இரண்டு லட்சம். நாளுக்கு 6,667 ரூபா. அதற்கே 27 கப் வேண்டும். ஆளுக்கு 50,000 சம்பளத்தில் இரண்டு பேர், அதோடு தொழில்தருநர் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம். மொத்தம் 1,15,000, அதற்கு 16 கப். மின்சாரம் 60,000 என்றால் இன்னும் 8 கப். ஆக ஒரு நாளைக்கு 51 கப் விற்ற பிறகுதான் 52ஆவது கப் உங்களுடையது. கடன் வட்டி இருந்தால் அதுவும் இதற்கு முன்னால் வந்து நிற்கும்.

செவ்வாய் மாலை நீங்கள் எண்ணிய தலைகள் இந்த 51க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள்.

முற்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. காலி வீதியில் ஓராண்டு, இரண்டாண்டு வாடகையை முன்கூட்டியே கேட்பது வழக்கம். எங்கள் முதல் இடத்தில் ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டோம். இடையில் கட்டடத்தை விற்றால் என்ன நடக்கும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. 14ஆவது மாதத்தில் வெளியேறச் சொன்னார்கள். தரைக்கு ஒட்டிய டைல்ஸ், சுவருக்குள் ஓடிய வயரிங், எதையும் பெயர்த்துக்கொண்டு வர முடியவில்லை. ஒரு சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கட்டணம் அந்த டைல்ஸை விட மலிவு.

என்ன விற்கலாம்? இப்போது எது ஓடுகிறது?

ஓடுவது எது என்று கேட்டால் நான் பட்டியல் தரமாட்டேன், ஏனென்றால் நீங்கள் கடை திறக்கும்போது அது ஓடி முடிந்திருக்கும். தட்டில் தேய்த்துச் சுருட்டும் ஐஸ்கிரீம் வந்தது, பபிள் டீ வந்தது, பிறகு குனாபா அடைத்த துபாய் சொக்கலட். ஒவ்வொன்றுக்கும் வரிசை நின்றது உண்மை. ஒன்றுக்காக மட்டும் இயந்திரம் வாங்கியவர்கள் ஓராண்டில் அதை விற்க ஆள் தேடியதும் உண்மை. புதியது வந்தால் செய்யுங்கள், கையில் இருக்கும் சாமான்களால் செய்ய முடியுமென்றால் மட்டும்.

நிலைத்து நிற்பவை வேறு. வட்டிலப்பம், பலூடா, எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பாகு), பிஸ்கட் புடிங், பழக் கலவை. யாழ்ப்பாணத்து ஐஸ்கிரீம் கடைகளில் உயரக் கண்ணாடிக் கோப்பையில் ஜெலியும் பழமும் முந்திரியும் போட்டுத் தரும் ஸ்பெஷலை ருசித்து வளர்ந்தவர்கள் வெள்ளவத்தையில் நிறைய. அதைச் சரியாகச் செய்தால் வேறு விளம்பரம் தேவையில்லை.

எங்கள் கடையில் நான் மிகவும் விரும்பிச் செய்வது இரண்டு. ஒன்று பனங்கட்டி ஐஸ்கிரீம். யாழ்ப்பாணத்திலிருந்து குட்டானில் (சின்னப் பனையோலைப் பெட்டியில்) வரும் பனங்கட்டியை உருக்கி, வடித்து, பாலில் சேர்க்கிறோம். வடிக்காவிட்டால் நாக்கில் மணல் தட்டும், மூன்று தடவை கெடுத்துத்தான் அதைக் கற்றோம். மற்றது கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் செய்வது. பெயரில் கொழும்பு இருந்தாலும் ருசி யாழ்ப்பாண மண்ணில்தான். பருவம் வந்ததும் சில வாரங்களுக்கு மட்டும் அதை விற்போம். முடிந்தது என்றால் முடிந்தது, எசென்ஸ் போட்டு இழுக்கமாட்டோம். அடுத்த ஆண்டு பருவம் எப்போது என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

முட்டை, ஜெலட்டின், ஹலால் பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

இதைச் சின்ன விஷயமாக நினைத்தவர்கள்தான் இந்த ஊரில் அதிகம் இழந்தார்கள். கொழும்பில் ஒரே மேசைக்குச் சைவர், முஸ்லிம், கத்தோலிக்கர், பௌத்தர் நால்வரும் வந்து உட்காருவார்கள். ஒருவர் சாப்பிட முடியாதென்றால் நால்வரும் எழுந்து அடுத்த கடைக்குப் போவார்கள்.

சைவ வாடிக்கையாளர் முட்டை இருக்கிறதா என்று கேட்பார். முஸ்லிம் வாடிக்கையாளர் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று கேட்பார். ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது, ஆகவே சைவருக்கும் அது ஆகாது. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் கடற்பாசி, அதாவது அகர் அகர். நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் காய்ச்சும் அதே கடற்பாசி. ஜெலி, புடிங், மூஸ் எல்லாவற்றையும் நாங்கள் அதற்கு மாற்றினோம். பதம் வேறு: கொதிக்க வைத்துத்தான் கரைக்க வேண்டும், ஆனால் குளிரூட்டியில் வைக்காமலே இறுகும், கொழும்பு வெக்கையில் மேசையில் உருகாது. அந்த ஒரு மாற்றத்தால் எங்களுக்கு வந்த புதிய குடும்பங்களை எண்ணிச் சொல்ல முடியாது.

வட்டிலப்பத்தில் முட்டை இல்லாமல் முடியாது என்பார்கள். தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் ஏலமும் சேர்த்துக் கடற்பாசியில் இறுக்கினால் நல்லதொரு பண்டம் வரும். ஆனால் அதை வட்டிலப்பம் என்று எழுதாதீர்கள். உண்மையான வட்டிலப்பத்தைத் தனிக் கரண்டி, தனித் தட்டில் வைத்து, முட்டை உண்டு என்று மூன்று மொழியிலும் எழுதி வையுங்கள். கந்தசஷ்டி விரதக்காரர் ஒருவருக்குத் தெரியாமல் முட்டை கொடுத்துவிட்டால், அவர் உங்களை மன்னித்தாலும் திரும்ப வரமாட்டார்.

சின்னக் கடைக்கு ஹலால் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் வாங்கும் எசென்ஸிலும் சொக்கலட்டிலும் அது இருக்கிறதா என்று பார்த்து, பெட்டியை எறியாமல் வைத்திருங்கள். கேட்டால் காட்டலாம்.

கரண்ட் போனால் என்ன செய்வது?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. எங்கள் ஐஸ்கிரீம் முழுவதும் உருகத் தொடங்கியது. ஒரு தடவை உருகியதைத் திரும்ப உறைய வைத்து விற்கக் கூடாது, பனிக்கட்டித் தூளாகிவிடும், கிருமியும் வளரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இறுக்கம் இருக்கும்போதே கொடுத்து முடித்தோம். அடுத்த ஐந்து மாதம் உறைந்தது எதுவும் விற்காமல், வட்டிலப்பமும் தயிரும் சர்பத்தும் மட்டும் வைத்துத்தான் உயிர் பிழைத்தோம். கேஸ் வரிசையில் அக்கா நின்ற இரவுகளைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

அந்தக் காலம் போய்விட்டது, ஆனால் தடை போகவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு காலை நாடு முழுவதும் கரண்ட் நின்றது. இனிப்புக் கடைக்கு ஞாயிறு என்றால் என்ன என்று தெரியுமல்லவா? இந்தத் தடவை நாங்கள் தப்பினோம். மேலே திறக்கும் பெட்டி வகை டீப் பிரீசர் வாங்கியிருந்தோம். மூடியைத் திறக்காமல் போர்வை போட்டு மூடினால் பல மணி நேரம் தாங்கும். நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக் கதவுக்காரன் அழகு, ஆனால் திறந்தவுடன் குளிர் காலடியில் கொட்டிவிடும்.

கட்டணமும் ஒரு விஷயம். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் 66 சதவீதம் ஏறியது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறங்கி, ஜூனில் மீண்டும் 15 சதவீதம் ஏறியது. இப்படி ஆடும் ஒரு செலவை வைத்து ஆண்டு விலைப் பட்டியல் அச்சடிக்காதீர்கள்.

கடலோரம் கடை எடுப்பவர்களுக்கு: உப்புக் காற்று வெளியே வைத்த கொண்டென்சரைத் தின்றுவிடும். எங்களுடையது இரண்டு ஆண்டில் ஓட்டை விழுந்தது. கடலைப் பார்க்காத சுவரில் பொருத்துங்கள், மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

சாமான் விலை ஏறும்போது விலையை ஏற்றலாமா?

ஏற்றத்தான் வேண்டும். சீனிக்கான விசேட பண்ட வரி 2023 நவம்பரில் கிலோவுக்கு 25 சதத்திலிருந்து 50 ரூபாவானது. கொக்கோ 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் டொன் 12,000 டொலரைத் தாண்டியது. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவுக்கு மேல் விற்றது. பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருவதால் டொலர் அசைந்தால் அதுவும் அசையும். இதையெல்லாம் நீங்கள் விழுங்க முடியாது.

ஆனால் கப்பைச் சத்தமில்லாமல் சிறிதாக்க வேண்டாம். விலையை ஏற்றிவிட்டு வெளிப்படையாக எழுதிப் போடுங்கள். கூடவே ஒரு சிறிய கப்பைத் தனி விலையில் வையுங்கள். டியூஷன் பிள்ளைகள் கையில் 250, 300 ரூபாதான் இருக்கும். அவர்கள் வருவது நின்றால் நாலரை மணிக் கடை வெறிச்சோடிவிடும்.

கித்துள் பாணியை மட்டும் மலிவு பார்த்து வாங்காதீர்கள். சீனிப் பாகு கலந்தது சந்தையில் தாராளம். ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்குங்கள்.

என்னென்ன பதிவு, வரி?

தனியாளோ பங்காளிகளோ என்றால் வியாபாரப் பெயர் பதிவு, அதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தொடங்கலாம். மாநகர சபையின் வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்ப்பார். பி.எச்.ஐ. வருகிறார் என்றதும் பயப்படுகிறார்கள். கடை கட்டும் முன்பே அவரிடம் போய், கை கழுவும் தொட்டி எங்கே, கழிவுநீர் எப்படி என்று கேட்டால் பிறகு உடைக்க வேண்டியிருக்காது. வேலையாள்களின் மருத்துவச் சான்றும் ஒழுங்காக இருக்கட்டும்.

பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். அதற்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 30 கோடியாக இருந்து 2022 ஒக்டோபரில் 8 கோடியாகவும் 2024 ஜனவரியில் 6 கோடியாகவும் இறங்கியது. சின்னக் கடை ஒன்று அதற்குக் கீழேதான் நிற்கும், ஆனால் எல்லை இறங்கும் பக்கமாகவே போகிறது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது கணக்காளரிடம் கேளுங்கள்.

ஊபர் ஈட்ஸ், பிக்மீயில் சேரலாமா?

சேருங்கள், ஆனால் அதற்கென்று தனிப் பட்டியல் வையுங்கள். மேலே போட்ட கணக்கில் 600 ரூபாவில் 30 சதவீதம் கமிஷன் போனால் 180. உங்கள் 250 ரூபா 70 ஆகிறது. உருகாத பெட்டிக்கு 25 கழித்தால் 45. வீட்டுக்குப் போகும்போது பாதி உருகி, குறையும் உங்கள் பெயரில்தான் வரும். வட்டிலப்பம், புடிங், கேக் துண்டு அனுப்பலாம். பலூடாவை அனுப்புவதை நாங்கள் நிறுத்திவிட்டோம்.

ஆண்டில் எந்த மாதங்கள் மந்தம்?

ஏப்ரல் புத்தாண்டு. வெயில் உச்சத்தில் இருக்கும், நன்றாக விற்கும் என்று நினைப்பீர்கள். ஊரே காலியாகிவிடும், வேலையாள்களும் மலையகத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய்விடுவார்கள். நாங்கள் நாலு நாள் மூடுகிறோம். ஒக்டோபர், நவம்பர் மாலை மழையும் அடிக்கும். நோன்பு மாதம் பகலில் மந்தம், இரவு பத்து மணிக்கு மேல் கூட்டம். அது ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முன்னே வருவதால் நாள்காட்டியைப் பார்த்து ஆள் போடுங்கள். வெசாக் இரவில் தெருத் தெருவாக ஐஸ்கிரீமை இலவசமாகக் கொடுக்கும் தன்சல் இருக்கும், அன்று யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். அன்று நாங்களும் பக்கத்துத் தன்சலுக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போவோம்.

எல்லோருக்கும் சீனி வியாதி இருக்கும் ஊரில் இனிப்பு விற்பது சரியா?

அப்பாவுக்கு நீரிழிவு. இந்தக் கேள்வியை நான் என்னிடமே பல தடவை கேட்டிருக்கிறேன். குளிர்பானங்களுக்கு 2016 முதல் சீனி அளவைக் காட்டும் நிறக் குறியீடு இருக்கிறது, கடையில் செய்யும் பலூடாவுக்கு அது இல்லை. ஆகவே பொறுப்பு நம்முடையது. நாங்கள் சிரப்பை மூன்று கட்டமாகக் குறைத்தோம், ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு மாத இடைவெளி விட்டு. ஒருவரும் கேட்கவில்லை. இப்போது ரோஸ் மணம் முன்னைவிட நன்றாகத் தெரிகிறது என்கிறார்கள். சீனி சேர்க்காத தயிர், வெறும் பழக்கோப்பை இரண்டும் எப்போதும் இருக்கும். அதை ஓடர் செய்பவரிடம் ஏன் என்று எங்கள் பிள்ளைகள் கேட்கமாட்டார்கள்.

இரண்டாவது கிளை எப்போது திறக்கலாம்?

நீங்கள் மூன்று வாரம் கடைப் பக்கமே போகாமல் இருந்து, திரும்பி வந்து சாப்பிடும் பலூடா அதே ருசியில் இருந்தால். எங்களுக்கு அது இன்னும் வாய்க்கவில்லை. போன ஆண்டு அக்கா மகளின் திருமணத்துக்கு இரண்டு வாரம் யாழ்ப்பாணம் போய் வந்தோம். பனங்கட்டியை யாரோ வடிக்காமல் போட்டிருந்தார்கள். செய்முறையை இப்போது கிராம் கணக்கில் எழுதி, வடிகட்டியின் கண் அளவு உட்படச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வரும் ஓகஸ்ட் கூட்டம் குறைந்ததும் மறுபடி இரண்டு வாரம் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம். கொட்டாஞ்சேனையில் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமைகளில் போய் எண்ணிக்கொண்டும் இருக்கிறேன்.